அடிக்கடி வெளியே தள்ளும் கம்பெனி

கண்ணாடிக்காரர் என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்ப்பார், சட்டத்தில் பொருத்துவார், வந்தவர் மூக்கில் மாட்டிவிட்டு, "காதுகிட்ட உறுத்துதா?" என்று கேட்பார். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. அதற்கு மேல் பேச ஆள் வேண்டாமா? மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் ஓர் ஊரில், மகள் வேறோர் ஊரில். இரண்டும் தங்கமான பிள்ளைகள், நாக்கில் நரம்பில்லாமல் ஒரு குறை சொல்லிவிட முடியாது. கூப்பிடத்தான் அவர்களுக்கு நேரமில்லை.

ஆனால் ஓடிபி வேண்டுமென்றால் கூப்பிடுவார்கள்.

எல்லோரும் ஒரே வீட்டில் இருந்த காலத்தில், டிவியில் படம் பார்க்க ஒரு கம்பெனியில் சந்தா கட்டியிருந்தார்கள். குடும்பத்துக்கே ஒரு கணக்கு, அதற்குக் கொடுத்தது இவருடைய போன் நம்பர். பிள்ளைகள் தனித்தனியாகப் போனபோதும் அந்தக் கணக்கைக் கையோடு கொண்டுபோனார்கள். எப்போதாவது அந்தக் கம்பெனி அவர்களை வெளியே தள்ளிவிடும். மறுபடி உள்ளே போக ஆறு எண்கள் வேண்டும். அவை இவர் போனுக்குத்தான் வரும். உடனே மகள் கூப்பிடுவாள். எண் வந்து சேரச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் பேசாமல் என்ன செய்வது?

"சாப்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா. சின்னவ என்ன பண்றா?"

"உங்க பேத்தியா? பல்லு ஆடுதுன்னு நாள் பூரா அழுகை. வந்துடுச்சாப்பா?"

"இன்னும் வரலம்மா," என்பார் கண்ணாடிக்காரர். எண் எப்போதோ வந்து, கைக்குள்ளேயே பளபளவென்று நின்றுகொண்டிருக்கும். மனுஷனுக்கு அப்படி ஒரு பொய் சொல்லவும் தெரிந்திருந்தது, பாருங்கள்.

சந்தா முடிகிற சமயம் மகன் கூப்பிட்டான்.

"அப்பா, பழைய கம்பெனி வேண்டாம், புதுப்படமே வர்றதில்ல. மூணு இருக்கு. தனியா உக்காந்து பாக்கிறது நீங்கதான். அதனால நீங்க சொல்றதுதான். எது வேணும்?"

"நாளைக்குச் சொல்றேன்டா" என்று போனை வைத்தார். புதியது ஒழுங்காக ஓடித் தொலைத்தால்? ஒருதரம் உள்ளே போனவர்களை வெளியே தள்ளவே தள்ளாவிட்டால்? அப்புறம் இந்தப் போனை வைத்துக்கொண்டு விசிறிக்கொள்ளவா?

மறுநாள் பக்கத்து மொபைல் கடைக்குப் போனார். அங்கே வேலை பார்க்கும் பெண்ணிடம் மூன்று பெயர்களையும் சொல்லி, "இதுல எதும்மா அடிக்கடி வெளிய தள்ளும்?" என்று கேட்டார்.

"எல்லாரும் எது நல்லதுன்னு கேப்பாங்க. எது மட்டம்னு கேட்டு வாங்க வந்த முதல் ஆள் நீங்கதான் சார்!"

"இருக்கட்டும், சொல்லேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒன்றைக் காட்டினாள். "இதை எடுத்தீங்கன்னா தலையப் பிச்சுப்பீங்க. கரன்ட் போய் வந்தாக்கூட திரும்ப ஓடிபி கேக்கும்."

கண்ணாடிக்காரர் வாசலில் நின்றபடியே மகனுக்குப் போன் போட்டு, அந்தப் பெயரைச் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அவருக்கு யோகம்தான். கடைப் பெண் சொன்னதை அந்தக் கம்பெனி பொய்யாக்கவில்லை, எல்லோரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. மகள் கூப்பிட்டுத் திட்டுவாள், மகன் கூப்பிட்டுத் திட்டுவான், கம்பெனிக்காரன் பரம்பரையையே இழுப்பார்கள். இவர் "ஆமாமா, மோசம்தான்" என்று ஒத்து ஊதுவார். பேத்திக்குப் பல் விழுந்தது, மகனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, மகள் வீட்டுச் சமையலறையில் குழாய் ஒழுகுவது, எல்லாம் இப்படித்தான் அவருக்குத் தெரிந்தது. கடையில் வேலை செய்யும்போதும் போனை மேசை மேல் கண்ணுக்கெதிரே வைத்துக்கொண்டார். முதலாளி கூட, "என்ன, பொண்ணு பாக்கப் போறீங்களா, முகம் இப்படி மினுக்குது?" என்று கேலி செய்தார்.

அப்புறம் ஒருநாள் மகன் கூப்பிட்டான். ஓடிபி கேட்கவில்லை.

"அப்பா, உங்களப் போட்டுப் பாடாப் படுத்துறோம்ல? வேலை நேரத்துல கூப்பிட்டு, நம்பர் சொல்லு நம்பர் சொல்லுன்னு. அக்காவும் நானும் பேசினோம். கணக்குல உங்க நம்பரை எடுத்துட்டு என் நம்பரைப் போட்டுட்டேன். அக்காவுக்கு நானே மெசேஜ்ல அனுப்பிடுவேன். இனி உங்களுக்குத் தொல்லையே கிடையாது."

"எனக்கு என்னடா தொல்லை..." என்றார்.

"நீங்க சொல்ல மாட்டீங்கப்பா. எங்களுக்குத் தெரியாதா? நிம்மதியா இருங்க."

நிம்மதியாக இருந்தார். நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி! போன் ஊமையாகிவிட்டது. கடையில் கரன்ட் போனபோதெல்லாம், இப்போது மகள் வீட்டிலும் போயிருக்குமோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நாமாகக் கூப்பிடலாம்தான். கூப்பிட்டால், "என்னப்பா, ஏதாவது பிரச்சினையா?" என்பார்கள். ஒரு பிரச்சினையும் இல்லையே, என்னத்தைச் சொல்வது? தாங்க முடியாத தனிமையாக இருக்கிறது என்று எந்த அப்பன் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு டிவியே அவரை வெளியே தள்ளியது. வெளியே தள்ளப்பட்டு இப்படி சந்தோஷப்பட்ட மனுஷனை நான் கண்டதில்லை. விழுந்தடித்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டார்.

"டேய், ஓடிபி வந்திருக்கா பாரு."

"வந்துடுச்சுப்பா. மெசேஜ்ல போட்டுட்டேன். வெளிய கிளம்பிட்டிருக்கோம், வச்சிடறேன்."

பேச்சு முடிந்துவிட்டது. எண் வந்து நின்றது. ரிமோட் மடியில் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. டிவியில் அந்த எண்ணுக்கான காலக்கெடு ஓடிக் கரைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எண் செல்லாது என்று எழுத்து வந்ததும் மறுபடி மகனைக் கூப்பிட்டார்.

"அது செல்லாதுங்குதுடா. புதுசு கேட்டிருக்கேன்."

"சரி, அனுப்பறேன்."

"அனுப்ப வேண்டாம். நீயே படிச்சுச் சொல்லு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

அவர் மூக்கின் மேல், அவரே தேய்த்து அவரே மாட்டிய கண்ணாடி சுத்தமாக இருந்தது.

மகன் எண்ணைச் சொல்வதை விட்டுவிட்டான். "கண்ணு தெரியலயா? எப்பேர்ந்துப்பா?"

"கொஞ்ச நாளாத்தான்," என்றார். "நீ மெதுவாச் சொல்லு."