டவர் காட்டிய மகன்

போன் கொம்பனியின் கல்முனைக் கிளையில் கவுன்டரில் நிற்பது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து நின்று பார்க்கட்டும். பில்லுக்கும் ஏச்சு, சிக்னலுக்கும் ஏச்சு, கரண்ட் போனாலும் நமக்குத்தான் ஏச்சு. பேச்சு வாங்கியே பிழைக்கிற சகோதரங்களே, உங்களுக்குத்தான் இது விளங்கும். ஆனாலும் வாய் பிளந்து நின்ற நாட்களும் உண்டு.

கோமாரிப் பக்கம்

சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்து போன அந்தக் கிழமை. ஸபியா உம்மா கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றா. மகன் நிஸார் பொத்துவில் பக்கம் தேங்காய் எடுக்கப் போனவன், தகவலே இல்லை. நம்பரை வாங்கிக் கொழும்பில் எங்கள் என்ஜினியரிடம் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: போன் உயிரோடு இருக்கு, கோமாரிப் பக்கத்து டவரில். சொந்தக்காரர் தேடிப் போய், ஒரு பள்ளிக்கூடத்தில் கால் முறிந்து கிடந்தவனைத் தூக்கி வந்தார்கள். சுப்ஹானல்லாஹ்! நாங்கள் யாரும் காணாதவனை ஒரு இரும்புக் கம்பம் கண்டிருக்கிறதே. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னா:

"இந்தப் போன இனி அவன்ட கையால கீழ வைக்க விடமாட்டன் மகன்."

தேத்தண்ணி ஆறுமுன்

வடக்கில் சண்டை முடியப்போகிற காலம். சிவில் உடுப்பில் ஒரு பொலிஸ்காரர் வந்தார். ஒரு நம்பரைத் தந்து, ஆள் எங்கே நிற்கிறான் என்று கேட்டார். பார்த்தால் நிஸாருடைய நம்பர்! போன் பதிந்த வீட்டில் ஆள் படுப்பதில்லையாம், அதனால் தலைமறைவாம்.

எங்கள் மனேஜர் பாண்டிருப்புத் தமிழர், சத்தமாகக் கதைத்தே அறியாதவர். ஒருவர் நிற்கிற இடம் அவருடைய சொந்த விஷயம், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் சொல்ல முடியாது என்றார். அந்தக் காலத்தில், அதுவும் ஒரு தமிழர்! பொலிஸ்காரரின் முகத்தைப் பார்த்தே சொன்னாரே, அந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் போகவில்லை.

பொலிஸ்காரர் கோபிக்கவே இல்லை. கொழும்புக்கு ஒரு கோல் எடுத்தார். நாங்கள் கொடுத்த தேத்தண்ணி ஆறுமுன் இடம் வந்துவிட்டது. போகும்போது மனேஜரின் தோளில் தட்டி, சிங்களத்தில் ஐயா போட்டுச் சொன்னார்.

"கோர்ட் கடுதாசி வராது மாத்தயா, ஆள்தான் வரும்."

மூன்று ஸலாம்

நான் ஸபியா உம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் மருதமுனையில் நிஸாரைப் பிடித்துவிட்டார்கள். அவன் ஒளிந்திருந்தது எங்கே? மாமி வீட்டில், பொண்டாட்டியோடு! போன் பதிந்தது உம்மா வீட்டு விலாசத்தில். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆம்பிளை பெண் வீட்டில்தான் இருப்பான். உம்மா வீட்டில் படுத்தால்தான் ஊர் சந்தேகப்படும். தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். பள்ளிவாசல் ஆட்கள் போய்க் கல்யாண வழக்கத்தை விளங்கப்படுத்தின பிறகுதான் பொலிஸ் அவனை விட்டது. அந்த நாட்களில் ஜீப்பில் ஏறின எல்லோரும் திரும்பி வரவில்லை. இவன் வந்தான்.

அடுத்த நாள் ஸபியா உம்மா வந்து மகனின் போனைக் கவுன்டரில் வைத்தா. அழவுமில்லை, ஏசவுமில்லை. இந்தப் போன்தானே கோமாரியில் காப்பாற்றியது என்று சமாதானம் சொல்லப் பார்த்தேன்.

"ஓம் மகன், அப்ப தேடினது பெத்த உம்மா. ஒரு ஊட்டுக்குள்ள வாறதெண்டா மூணு தரம் ஸலாம் சொல்லோணும், பதில் இல்லாட்டி திரும்பிப் போகோணும். இந்தப் போனுக்குள்ளால வாறவன் ஒரு ஸலாமும் சொல்லல்லையே."

இத்தனை வருஷம் கவுன்டரில் நின்றதில் எனக்கு விளங்கினது இவ்வளவுதான்: ஆள் நிற்கிற இடம் டவருக்குத் தெரியும், அது மாமி வீடு என்று தெரியாது.