வாப்பா கேட்ட ஒரே கேள்வி

நான் பல்கலைக்கழக மாணவி. ஒரு கேள்விக்குப் பத்து இணையப் பக்கங்களைத் திறந்துவைத்து, கடைசியில் எதை எழுதுவதென்று தெரியாமல் குழம்புவது என் வழக்கம்.

விடுமுறைக்கு எத்தாளை ஊரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். மீன்பிடிக்கக் கடலுக்குப் புறப்பட்ட வாப்பா, "மகள், இண்டைக்கு காத்து கூடுமா? போன்ல பாருங்க" என்றார்.

ஒரு பக்கம் காற்றில்லை என்றது. இன்னொன்று பலத்த காற்று என்றது. வட்ஸ்அப்பில் வந்த எச்சரிக்கை புதியதா பழையதா என்றே விளங்கவில்லை. நான் நிமிர்ந்தபோது, காத்திருந்து அலுத்த வாப்பா படகை எடுத்துவிட்டார்.

சற்று நேரத்தில் காற்று கூரைத் தகரத்தை உலுக்கியது. உம்மா கடலையே பார்த்து நின்றார். நான் அப்போதும் போனில் தேடிக்கொண்டிருந்தேன்.

அல்ஹம்துலில்லாஹ், மாலையில் வாப்பா நனைந்து நடுங்கியபடி கரைசேர்ந்தார்.

இப்போதும் நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் அதையே கேட்கிறார். "தெரியல்ல வாப்பா, போகாதீங்க" என்று உடனே சொல்லிவிடுகிறேன். அவர் சிரித்துக்கொண்டே கடலுக்குப் போய்விடுகிறார். உம்மாவுக்குப் பக்கத்தில் நானும் நின்று கடலைப் பார்க்கிறேன்.