டெல்மிரா மென்ற கிழங்கு

ஆறு ஏறுகிற மாதங்களில் சான்டா ரொசேண்டாவில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் மூச்சுவிட வேண்டும். மரன்யோன் ஆறு கரையைத் தாண்டி வந்து வீடுகளுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். பன்றி கழிந்தது, மனிதன் கழிந்தது, செத்த கோழி, மீன் குடல் எல்லாம் அதில் ஒன்றாக ஊறும். மேலே எங்காவது எண்ணெய்க் குழாய் ஒழுகினால் அதன் பங்குக்கு ஒரு பளபளப்பும் சேரும். அந்தத் தண்ணீரில்தான் பாத்திரம் கழுவுவார்கள், குளிப்பார்கள், குழந்தையின் வாயையும் துடைத்துவிடுவார்கள். டெல்மிரா கனக்கிரி இதற்கெல்லாம் ஒருநாளும் முகம் சுளித்தவள் இல்லை. பிறந்த நாள் முதல் பழகிய நாற்றம். அவளுக்குக் குமட்டியது ஊர்க்காரர்களைப் பார்த்துத்தான்.

அவள் புருஷன் மரம் வெட்டப் போகிறேன் என்று ஆற்றின் மேலே போனான். அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்கு வழி மறந்துவிட்டான். அவளுக்கு மிஞ்சியவர்கள் இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் மில்கா, கைக்குழந்தை நைடா. புருஷனின் தம்பி வில்டர்தான் ஊர்த் தலைவன். ஊருக்குப் பொதுவாக இருந்த ஒரே மோட்டார்ப் படகு அவன் பொறுப்பு. அதற்கான பெட்ரோல் பீப்பாயின் சாவி அவன் கழுத்தில் சிலுவையோடு சேர்ந்து தொங்கும்.

போன கோடையில் மில்காவுக்குக் காய்ச்சல் கண்டது. பிள்ளை பிதற்ற ஆரம்பித்ததும் டெல்மிரா வில்டர் வீட்டுக்கு ஓடினாள்.

"கொழுந்தனாரே, புள்ளைக்குக் கண்ணு சொருகுது. மோட்டார எடுங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்துடலாம்."

"பீப்பாய்ல ஒரு சொட்டு கூட இல்ல மதினி. இருந்தா எடுக்க மாட்டேனா? ஈரத்துணி போட்டு வைங்க, காலைல எறங்கிடும்."

விடிந்தும் இறங்கவில்லை. நைடாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மூத்தவளைத் தோணியில் கிடத்தி, டெல்மிரா துடுப்புப் போட்டுக்கொண்டே கீழே புறப்பட்டாள். பாதி வழியில் மில்காவின் உடம்பு சில்லிட்டுப் போனது. அதன்பிறகு ஆஸ்பத்திரியில் என்ன வேலை? தோணியைத் திருப்பினாள். எதிர் நீரோட்டத்தில் கரையை ஒட்டி ஒட்டி வந்து சேர்வதற்குள் அவள் உள்ளங்கை கிழிந்துவிட்டது. ஊர்த் துறைக்குப் பக்கத்தில் வரும்போது மேலேயிருந்து மோட்டார் சத்தம் கேட்டது. ஊரின் அதே படகு. மேல்கிராமத்தில் பந்து விளையாடிவிட்டு ஆண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்புகிறார்கள். முன்னால் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வில்டர் நின்றான். படகு கிளப்பிய அலை தோணிக்குள் புகுந்து செத்த பிள்ளையை நனைத்தது.

"மூணுக்கு ஒண்ணு, டெல்மிரா! ஜெயிச்சுட்டோம்!" என்று கையை ஆட்டினான் காசிமிரோ. ஊரில் வாய்த்துடுக்குக்குப் பேர்போனவன்.

அடக்கத்துக்கும் எல்லாரும் வந்தார்கள். அழுதார்கள், சாப்பிட்டார்கள், கோழிக்குழம்பு இன்னும் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். ஆண்டவன் சித்தம் என்று வில்டர் நெஞ்சில் சிலுவைக் குறி போட்டபோது சாவி கிணுகிணுவென்றது. வெட்கம் என்று ஒன்று மனிதனுக்கு உண்டு என்பதே அந்த ஊருக்குத் தெரியாது.

அன்றைக்கு நிறுத்தினாள் டெல்மிரா, மெல்வதை. மசாத்தோ என்கிற கிழங்குக் கள் இல்லாமல் அங்கே எந்தக் கூட்டு வேலையும் நடக்காது. பெண்கள் மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, மென்று மென்று மரத்தொட்டியில் துப்புவார்கள். எச்சில் பட்டால்தான் கிழங்கு இனித்துப் புளிக்கும். ஒருத்தி மென்றதைக் குடிப்பது அவள் வாயையே உள்ளே வாங்கிக்கொள்வது மாதிரி. மெல்லும்போது மனத்தில் என்ன இருக்கிறதோ அதுவும் கூடவே இறங்கும் என்பார்கள். அதனால் மனஸ்தாபத்தோடு இருப்பவள் தொட்டிப் பக்கம் வரமாட்டாள். டெல்மிரா வருவாள், கிழங்கு உரிப்பாள், விறகு தள்ளுவாள், வாயை மட்டும் திறக்கமாட்டாள்.

வில்டரின் பெண்டாட்டி அஸ்தேரியாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டி, ஒன் வாய் என்ன தங்கத்துல செஞ்சதா?"

"தங்கமில்லக்கா. ஆனா ஒன் வீட்டுக்காரன் நாக்குல போய் விழுற அளவுக்கு மலிஞ்சும் போகல."

அப்படியே காலத்தை ஓட்டியிருப்பாள். அவள் வீட்டைத் தாங்கிய மரக்கால்கள் விடவில்லை. அடிப்பக்கம் இற்றுப்போய், பனைமரத்தைப் பிளந்து போட்ட தரை ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. மழை பிடித்துவிட்டது. தண்ணீர் ஏணியின் கீழ்ப்படியை நக்க ஆரம்பித்தது. நைடா அப்போதுதான் தவழப் பழகியிருந்தாள். சரிந்த தரையில் ஒரு பிள்ளை உருண்டால் நேரே ஆற்றுக்குள்தான். புதுக் கால் நட்டு, தரையை உயர்த்திக் கட்ட வேண்டும். ஒருத்தியால் ஆகிற வேலையா? ஆண்களைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் மசாத்தோ வைக்க வேண்டும்.

முதலில் அவள் ஒரு தந்திரம் செய்தாள். கறி அரைக்கும் எந்திரத்தில் கிழங்கைப் போட்டு அரைத்து, சர்க்கரை கலந்து புளிக்கவைத்தாள். ஆண்கள் வந்தார்கள். காசிமிரோ ஒரு வாய் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தான்.

"என்ன டெல்மிரா இது? ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுன மாதிரி இருக்கு. உள்ள யாருமே இல்லியே!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தனுக்கு வலை கிழிந்திருப்பது ஞாபகம் வந்தது, இன்னொருத்தனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியாக வில்டர் எழுந்தான். "எங்களுக்கு மென்னு தரக்கூட ஒங்களுக்கு மனசில்ல. அப்புறம் நாங்க எப்படி மதினி மரம் தூக்குறது?"

பிள்ளையைக் காப்பாற்ற ஒரு குடம் பெட்ரோல் தராதவன் மனசைப் பற்றிப் பேசுகிறான். அவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது டெல்மிராவுக்கு.

அடுத்த நாள் காலை அவள் கிழங்கை வேகவைத்தாள். தொட்டியின் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டாள். தாடை வலிக்கிறவரை மென்றாள், துப்பினாள். ஒவ்வொரு வாய்க்கும் மில்காவின் பேரைச் சொன்னாள். பிள்ளையின் நனைந்த முடி, கோப்பையைத் தூக்கிய கை, குழம்புச் சட்டிக்குள் எட்டிப் பார்த்த கண்கள் எல்லாவற்றையும் நினைத்து நினைத்துத் துப்பினாள். தொட்டி நிறைந்தது. இது கட்டாயம் கெட்டுப்போகும் என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் அது பொங்கி, நுரைத்து, ஊரையே கூப்பிடுகிற வாசனையோடு புளித்தது.

வாசனையிலேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். இற்ற கால்களைப் பிடுங்கினார்கள், புதுக் கால்களை நட்டார்கள். பாதித் தரை புதுக் கால்மேல் ஏறியது. மறுபாதியை ஆட்கள் கயிற்றிலும் தோளிலும் தாங்கிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று கிண்ணத்தை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். நைடா தோணியில் அஸ்தேரியாவின் மடியில் இருந்தாள்.

"இந்த ருசிய இத்தன நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க மதினி?" என்றான் வில்டர்.

"நல்லாருக்கா?"

"தேன் மாதிரி இருக்கு!"

"இருக்கும். ஒவ்வொரு வாயும் மில்கா பேரச் சொல்லித்தான் துப்புனேன். ஆஸ்பத்திரிக்குப் போக இல்லாம, பந்து வெளயாடப் போக மட்டும் பீப்பாய்ல ஊறுச்சே எண்ணெய், அதையும் நெனச்சுத்தான் துப்புனேன். அத்தனையும் இப்ப ஒங்க வயித்துல இருக்கு."

சுத்தியல் சத்தம் நின்றது. கயிற்றைப் பிடித்தவன் குனிந்து தண்ணீரைப் பார்த்தான். டெல்மிரா காத்திருந்தாள். யாராவது வாந்தியெடுக்கட்டும், அழட்டும், கிண்ணத்தை அவள் முகத்திலேயே வீசட்டும். எது செய்தாலும் இவனும் மனுஷன்தான் என்று நினைத்துக்கொள்ளலாம்.

வில்டர் புறங்கையால் மீசையைத் துடைத்தான். கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தான்.

"அதெல்லாம் போகட்டும் மதினி, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்று நீட்டினான். அவனுக்குப் பின்னால் காசிமிரோவின் கையும் நீண்டது.

வீட்டின் ஒரு பக்கம் இன்னும் கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. டெல்மிரா அகப்பையைத் தொட்டிக்குள் விட்டு, விளிம்பு தளும்ப ஊற்றிக் கொடுத்தாள்.