எர்த் ராடுக்குப் பிறகுதான் சிலுவை

1. மூன்று நாற்பது

பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு ஃபீடரைச் சார்ஜ் செய்யச் சொன்னேன். அப்போது லைன்மேன் சவரிமுத்து கம்பத்தின் மேல் இருந்தார். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுத எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

அப்போது நான் விராலிமலைப் பக்கம் ஒரு மின்பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர். எல்லோரும் ஏ.இ. என்பார்கள். இந்த வேலை கிடைப்பதற்கு முன் இரண்டு ஆண்டுகள் புதுக்கோட்டையில் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தேன். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஒருவர் ஒன்றைச் சொன்னால், அதைச் சொல்வதால் அவருக்கு என்ன ஆகப்போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பொறியாளரான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பக்திமான்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே காட்டினேன். ஞானஸ்நானப் பெயர் எனக்கும் உண்டு. ஆனால் கோயிலுக்குப் போவது கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும்தான்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பொறியாளர்கள் படிக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். வெளியே உள்ளவர்களுக்காக ஒரு விளக்கம்: லைனில் கைவைக்கப் போகிறவர் முதலில் சப்-ஸ்டேஷனில் சொல்லி மின்சாரத்தை நிறுத்த வேண்டும். இதற்கு லைன் கிளியர், சுருக்கமாக எல்.சி., என்று பெயர். வேலை முடிந்ததும் எல்.சி. வாங்கிய அதே ஆள், "ஆள் எறங்கியாச்சு, சாமான் எறங்கியாச்சு" என்று சொல்லித் திருப்பித் தர வேண்டும். அதன் பிறகுதான் லைனில் மறுபடி மின்சாரம் விடுவார்கள்; அதைத்தான் சார்ஜ் செய்வது என்போம். வேறு யார் சொன்னாலும் செல்லாது. ஏ.இ. சொன்னாலும் செல்லாது.

2. மூன்று முறை வேவு

சவரிமுத்து ஏறுகிற ஒவ்வொரு கம்பத்திலும் சிலுவை போடுவார். நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள், பிறகு கட்டைவிரலுக்கு ஒரு முத்தம். ஃபோர்மேன் விடமாட்டார்.

"என்ன சவரி, மேலிடத்துல எல்.சி. வாங்கியாச்சா?"

"அங்க வாங்கிட்டேங்க. நீங்க கீழ வாங்கிக் குடுத்தா ஏறிருவேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று இருப்பவன் எர்த் ராடு போடமாட்டான் என்று நினைத்தேன். எர்த் ராடு என்பது முனையில் கொக்கி வைத்த நீளமான கோல். கொக்கியை மேலே மின்கம்பியில் மாட்டி, அதிலிருந்து வரும் ஒயரைத் தரையில் அடித்த இரும்புக் கம்பியோடு சேர்த்துவிட வேண்டும். யாராவது தவறிப்போய் மின்சாரம் கொடுத்தால் அது ஆளை விட்டுவிட்டு மண்ணுக்குள் இறங்கிவிடும். சப்-ஸ்டேஷனில் பிரேக்கரும் விழுந்து மின்சாரத்தை வெட்டிவிடும். சுமக்கக் கனம். வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் மாட்ட நேரமாகும். அதனால் பலர் அதை வண்டியிலேயே விட்டுவிட்டு ஏறுவது எனக்குத் தெரியும்.

சவரிமுத்துவும் அப்படித்தானா என்று பார்க்கச் சொல்லாமல் போனேன். முதல் தடவை நார்த்தாமலை ரோட்டில் ஒரு கல்குவாரிக்கு எதிரே வண்டியை நிறுத்திக்கொண்டு பார்த்தேன். இரண்டு பக்கமும் ராடு போட்டார். இரண்டாவது தடவையும் போட்டார். என் வண்டி அவருக்குத் தெரியும், பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. மூன்றாவது தடவை மைத்துனரின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல், ஒரு பெட்டிக்கடை ஓரமாக நின்றேன். அன்றும் போட்டார். அன்றுதான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். சிலுவையை ராடு போட்டு முடித்த பிறகுதான் போடுகிறார். ஒரு நாளும் முதலில் போட்டதில்லை.

அடுத்த நாள் அலுவலகத்தில் கேட்டேன். வேவு பார்த்ததைச் சொல்லவில்லை.

"ஏன் சவரி, சாமி கும்பிடுறதை மொதல்லயே செஞ்சிடலாமே?"

"அது தப்புங்க சார். சேசுவக் கோயில் உச்சியில கொண்டுபோயி நிறுத்தி, 'குதி, ஒன்னயத் தாங்கிக்குவாங்க'ன்னான் சாத்தான். அவரு குதிக்கலையே. கடவுளோட மகனே குதிக்கல. நான் யாருங்க, ராடு போடாம குதிக்கிறதுக்கு?"

"அப்ப ராடே போதுமே. சிலுவை எதுக்கு?"

"ராடு கரண்டுக்குங்க. சிலுவை எனக்கு."

"பயம் போயிடுமோ?"

"எங்கிட்டுப் போவுது? பயத்தோடதான் ஏறுறேன். தனியா ஏறல, அம்புட்டுத்தான்."

முன்பே தயாராக வைத்திருந்த பதில் என்று நினைத்துக்கொண்டேன். அரசியல்வாதிகளிடம் இப்படிப்பட்ட பதில்களை நிறையக் கேட்டவன் நான்.

3. வெடிச் சத்தம்

சவரிமுத்து வேலைக்காகக் குடியிருந்த ஊரில் அந்தோணியார் கோயில் பகல் தேர் உண்டு. தேரின் உயரத்துக்கு ஓரிடத்தில் தெருவின் குறுக்கே போகும் பதினோராயிரம் வோல்ட் லைனை அவிழ்த்து இறக்க வேண்டும். தேர் தாண்டியதும் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். ஊருக்கு முன்னால் லைனைத் துண்டிக்கும் ஒரு ஏ.பி. சுவிட்ச் இருந்தது. அது நன்றாக இருந்திருந்தால் அந்த ஊருக்கு மட்டும் நிறுத்தியிருக்கலாம். அது பழுதாகி மாதங்களாகியிருந்தது. நான் புதியது கேட்டு இண்டென்ட் போட்டதோடு சரி, விரட்டி வாங்கவில்லை. ஆகவே ஃபீடர், அதாவது சப்-ஸ்டேஷனிலிருந்து புறப்படும் அந்த லைன், முழுவதும் நிறுத்தப்பட்டது. ஒன்பது ஊருக்கு மின்சாரம் இல்லை. எல்.சி. சவரிமுத்துவின் பெயரில்.

நான் சப்-ஸ்டேஷனில் இருந்தேன். அங்கிருந்து அந்த ஊர் வயல் வழியாக ஒன்றரை கிலோமீட்டர். தேர் நிலைக்கு வந்து சேர்ந்தால் பெரிய வெடி வெடிப்பார்கள் என்பது சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்த வழக்கம். மூன்றரை மணி தாண்டி வெடிச் சத்தம் கேட்டது. நீளமான வெடி. உடனே போன். பக்கத்து ஊர் கவுன்சிலர்.

"ஏ.இ. சார், தேருதான் நெலைக்கு வந்திருச்சே, இன்னும் என்னத்தப் பிடிச்சு வச்சிருக்கீங்க? இங்க மோட்டார் ஓடாம கடலை வாடுது. வந்து தண்ணி தூக்கி ஊத்துறீகளா?"

சவரிமுத்துவுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஆபரேட்டர் குமரேசனிடம் லைனைப் போடச் சொன்னேன். அவர் ஒப்பந்தத் தொழிலாளி, கல்யாணமாகி ஆறு மாதம்.

"சார், சவரியண்ணன் இன்னும் ரிட்டன் சொல்லலையே?"

"வெடி போட்டாச்சு. தேர் நிலைக்கு வந்தாச்சு. நான் சொல்றேன், போடுங்க."

"அப்ப லாக் புக்ல ஏ.இ. ஆர்டர்னு எழுதிக்கிறேன் சார்."

"அப்புறம் எழுதிக்கலாம்யா. மொதல்ல போடுங்க."

போட்டார். ஒரு நொடிகூட ஆகவில்லை. பிரேக்கர் இடி மாதிரி விழுந்தது. ரிலேயில் எர்த் ஃபால்ட் என்று காட்டியது; மின்சாரம் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். குமரேசன் என்னைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. எர்த் ராடு இன்னும் கம்பியில் மாட்டியிருக்கிறது. ராடு மேலே இருந்தால் ஆளும் மேலே இருக்கிறார்.

நான் கேட்டது நிலைக்கு வந்த வெடி அல்ல. அந்தத் தெருவில் இருக்கும் அம்பலக்காரர் குடும்பம் இந்துக்கள். தேர் அவர்கள் வீட்டு முன் நிற்கும்போது உப்பும் மிளகும் காணிக்கை வைத்து, மாலை போட்டு, சின்னதாக ஒரு சரம் வெடிப்பார்கள். அந்த வருடம் மகன் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். வெடி பெரிதாகிவிட்டது. தேர் லைனைத் தாண்டி அந்த வீட்டு முன் நின்றிருந்தது. சவரிமுத்து பின்னால் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தார். மின்சாரம் ராடில் இறங்கிய நொடியில் ஃபிளாஷ் அடித்து வலது முன்கை வெந்து தோல் சுருண்டிருந்தது. ஒரு புருவம் கருகியிருந்தது. பெல்ட்தான் அவரை மேலேயே பிடித்து நிறுத்தியிருக்கிறது. நான் குனிந்து, நான்தான் போடச் சொன்னேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆள் எறங்கியாச்சு சார். சாமான் இன்னும் மேலதான் இருக்கு."

4. லூர்துமேரியின் காபி

மூன்று நாள் ஆனது. சவரிமுத்து யூனியனுக்குச் சொல்லவில்லை. போலீசுக்கும் பத்திரிகைக்கும் சொல்லவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. பேசாமல் இருக்கிறவன் எதையோ எதிர்பார்க்கிறான் என்பது என் அனுபவம். சொந்த ஊருக்கு டிரான்ஸ்ஃபர் கேட்டு அவர் எழுதிய மனு என் மேசையில் கிடந்தது. அதற்காகத்தான் இந்த மௌனம் என்று முடிவு செய்தேன். அதைச் செய்துகொடுக்கவும் தயாராகவே போனேன்.

அவர் மனைவி லூர்துமேரி கதவைத் திறந்தார். வாங்க என்று சொல்லவில்லை. நான் நீட்டிய ஆப்பிள் பையை வாங்கித் தரையில் வைத்தார்.

"கை எப்படி இருக்கு சவரி?"

"வலது கைங்கிறதால சோறு இவதான் ஊட்டுறா. பொண்டாட்டி ஊட்டி இருவது வருசமாச்சு, ஒங்க புண்ணியம்." சிரித்தார். பிறகு சொன்னார்: "மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க சார். ஒங்கள அன்னைக்கே மன்னிச்சிட்டேன்."

"அவரு சொல்லுவாரு," என்றார் லூர்துமேரி, காபியை என் முன்னால் வைத்தபடி. "நான் இன்னும் சொல்லல. எனக்கு நாள் ஆகும்."

எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. மன்னித்தவரிடம் பேசிப்பார்க்கலாம்.

"வெள்ளிக்கிழமை இ.இ. என்கொயரி வச்சிருக்கார். என்ன சொல்லப்போறீங்க?"

"நடந்ததத்தான்."

"இப்பத்தானே மன்னிச்சிட்டேன்னு சொன்னீங்க?"

"அது வேற, இது வேறங்க. நான் மாத்திச் சொன்னா யாரு மாட்டுவா? கொமரேசன். சுவிட்சப் போட்ட கை அவன் கைதானே? பொஸ்தகத்துலயும் ஒங்க பேரு இல்ல. அவன நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

நான் அதை ஏற்கெனவே யோசித்திருந்தேன். அதையே அவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னபோதுதான் அது எவ்வளவு அசிங்கமானது என்று தெரிந்தது. ஆனாலும் என் புத்தி போகவில்லை.

"டிரான்ஸ்ஃபர் மனு பற்றி..."

"அதப் பத்தி இப்பப் பேசாதீங்க சார்," என்றார். முதல் முறையாகக் குரல் கடினமாகியிருந்தது. "நான் குடுத்த மன்னிப்பு வெலைக்கில்ல."

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டேன். அடுத்த முறை நான் லைன் கிளியர் என்று சொன்னால் என்னை நம்பி ஏறுவீர்களா?

"முன்னாடியும் நம்பலையே சார். நம்பியிருந்தா அன்னைக்குச் செத்திருப்பேன்ல? நம்புறதுக்கு ஆண்டவரு இருக்காரு. மனுசன மன்னிக்கத்தான் சொல்லியிருக்காரு."

5. என் பையில் இரண்டு தாள்

வெள்ளிக்கிழமை கோட்ட அலுவலகத்தில், இ.இ. என்கிற செயற்பொறியாளர் முன்னால் விசாரணை. என் பையில் இரண்டு வாக்குமூலங்கள் இருந்தன. ஒன்றில், ஆபரேட்டர் என் பேச்சைத் தவறாகப் புரிந்துகொண்டு சார்ஜ் செய்துவிட்டார் என்று இருந்தது. இரண்டாவது நடந்ததை நடந்தபடி சொன்னது. நிருபராக இருந்தவனுக்கு இரண்டு மாதிரியாகவும் எழுத வரும்.

முதலில் சவரிமுத்துவைக் கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. எல்.சி. திருப்பிக் கொடுக்கவில்லை, ராடு மாட்டியிருந்தேன், லைனில் கரண்ட் வந்தது, ஏ.இ. போடச் சொன்னதாக அன்றே அவரே ஒப்புக்கொண்டார் என்று வரிசையாகச் சொன்னார். அலங்காரம் எதுவும் இல்லை. கையை மட்டும் ஒரு முறை காட்டியிருக்க வேண்டும். யாரோ 'ச்ச்' என்றார்கள்.

"அப்ப ஏ.இ. மேல புகார் குடுக்குறீங்க?"

"புகார் இல்லங்க. நடந்தது. அந்த ஏ.பி. சுவிட்ச மாத்திக் குடுத்தீங்கன்னா நல்லது."

அடுத்து நான் போனேன். இரண்டாவது தாளைக் கொடுத்தேன். இதில் என் பெருமைக்கு இடமில்லை. சவரிமுத்து சொல்லி முடித்த பிறகு முதல் தாள் நிற்காது என்று எனக்குத் தெரியும். அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எதைக் கொடுத்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எனக்கு மெமோவும் இன்கிரிமென்ட் நிறுத்தமும் கிடைத்தன. குமரேசன் வேலையில் தொடர்ந்தார். அதன் பிறகு நான் ஏதாவது சொன்னால், லாக் புக்கில் எழுதிவிட்டு, பேனாவை மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

6. அடுத்த தேர்

அடுத்த ஆண்டுத் தேருக்குள் ஏ.பி. சுவிட்ச் மாற்றப்பட்டிருந்தது. அன்று நான் சப்-ஸ்டேஷனில் இருக்கவில்லை. கம்பத்தடிக்கே போனேன். சவரிமுத்துவின் முன்கையில் மணிக்கட்டு முதல் முழங்கை வரை பளபளவென்று ஒரு தழும்பு.

"எல்.சி. வாங்கியாச்சு சவரி. நானே நின்னு வாங்கிட்டேன்."

"சரிங்க சார்," என்றார். பிறகு ஏ.பி. சுவிட்சுக்குப் போய் அது திறந்து லைனைத் துண்டித்திருக்கிறதா என்று பார்த்தார். ஒரு பூட்டைப் போட்டார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். திரும்பி வந்து கம்பியைச் சோதித்தார். இரண்டு பக்கமும் ராடு மாட்டினார். இவ்வளவும் என் கண் முன்னால்.

"கோவிச்சுக்காதீங்க சார்."

"இல்ல. செய்ங்க."

அதன் பிறகு நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள். விரலுக்கு முத்தம். ஏறினார்.

தேர் தாண்டி, அம்பலக்காரர் வீட்டு முன் நின்று, வெடி வெடித்தது. நான் அசையவில்லை. நிலைக்கு வந்து பெரிய வெடியும் வெடித்தது. அப்போதும் அசையவில்லை. கவுன்சிலர் போன் செய்தார், எடுக்கவில்லை. சவரிமுத்து இறங்கி, ராடுகளைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி, சாவியை என் கையில் வைத்து, "ஆள் எறங்கியாச்சு, சாமான் எறங்கியாச்சு" என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தேன். கூட்டத்தில் லூர்துமேரி நின்றிருந்தார். ஒரு பேப்பர் தட்டில் தேர்ப் பொரியும் கடலையும் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு, எதுவும் பேசாமல் போனார்.

புதிய பொறியாளர்களுக்கு நான் சொல்வது இதுதான். எல்.சி. வாங்கியவர் வாயால் திருப்பித் தராமல் லைனைப் போடாதீர்கள். வெடி, மணி, கவுன்சிலர், உங்கள் அவசரம் எதுவும் அவர் வாய்க்கு ஈடாகாது. உங்களை நம்பாமல் ராடு போடுகிற லைன்மேன் மேல் கோபப்படாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விசுவாசம் என்றால் எதையும் சோதிக்காமல் ஒப்புக்கொள்வது என்று அதுவரை நினைத்திருந்தேன். சவரிமுத்து எல்லாவற்றையும் சோதித்தார். ஒருவரை மட்டும் சோதிக்கவில்லை. அந்த ஒருவர் சொன்னார் என்பதற்காக என்னை மன்னித்தார். அந்த மன்னிப்புக்குப் பின்னால் ஏதாவது காரியம் இருக்கும் என்று, அவர் ஓய்வு பெறும் நாள்வரை அவரைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். டிரான்ஸ்ஃபர் மனுவைப் பற்றி அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நானே அனுப்பி, அது கிடைத்தபோது, எல்லோருக்கும் கொடுத்த மாதிரி எனக்கும் ஒரு லட்டு கொடுத்தார். அதன் பிறகும் அலுவலக விழாக்களில் சந்தித்தபோது அந்தக் கதையைச் சொல்லிக் காட்டவில்லை. என் முன்னால் முழுக்கைச் சட்டை போட்டுத் தழும்பை மறைக்கவும் இல்லை.

நான் விசாரித்த வரையில், உள்நோக்கம் எதுவும் கிடைக்கவில்லை.