மூச்சடக்கி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மூச்சடக்கி என்று பட்டப்பெயர். மிளகளவு செப்பு வலையில் வைரஸ் கலந்த துளியை விட்டு, கண்மூடித் திறப்பதற்குள் உறைய வைத்து, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் ஏற்றுவது அவள் வேலை. அந்த வலைமேல் யாராவது மூச்சு விட்டால் போச்சு. ஈரம் பனியாகப் படிந்து, படத்தில் வைரஸ் இருக்காது, வெறும் பனிதான் இருக்கும். எல்லாரும் ஒருமுறையாவது கெடுத்திருக்கிறார்கள், அவள் மட்டும் கெடுத்ததில்லை.

எப்படிக் கெடுப்பாள்? வீட்டில் பழகிய வித்தையாயிற்றே. புருஷன் படியேறும் சத்தம் கேட்டாலே மூச்சை அடக்கிக்கொள்வாள். ஒருமுறை விலா எலும்பை உடைத்தான், ஒருமுறை முன்பல்லை. "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்றாள் பெற்ற தாய். நாசமாய்ப் போன அனுசரிப்பு. போன வாரம்தான் தனியாக அறை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். "வீட்டுக்கு வரலேன்னா உசிரோட இருக்க மாட்டே" என்று சொல்லியனுப்பினான்.

சொன்னபடியே பட்டப்பகலில் ஆய்வுக்கூடத்துக்கே வந்தான், பாவி. அவள் வலையைத் திரவ நைட்ரஜன் கிண்ணத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். மண்டை பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. மறுபடி மோதினான். அவள் பழக்கதோஷத்தில் மூச்சை அடக்கி, துவண்டு தொங்கினாள். செத்துவிட்டாளோ என்று பயந்தான். பிடியை விட்டான்.

"ஏய், எந்திரி. நடிக்காத."

அவள் விழுந்த இடத்தில் நைட்ரஜன் குடுவை இருந்தது. வெறுந்தோலில் பட்டால் அந்தக் கடுங்குளிர்த் திரவம் துளித்துளியாக உருண்டோடிவிடும். காலணிக்குள் புகுந்தால் தேங்கி நின்று சதையைக் கொல்லும். அங்கே வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லும் எச்சரிக்கை அது. அவன் வாய் அகன்ற பூட்ஸ் போட்டிருந்தான். அவள் குடுவையைத் தூக்கி, இரண்டு பூட்ஸுக்குள்ளும் கவிழ்த்தாள்.

அவன் அலறியது கீழ்த்தளம் வரை கேட்டது. காவலாளி வந்தபோது தரையில் புரண்டுகொண்டிருந்தான். கால்விரல்கள் வெள்ளையாக, மரக்கட்டையாகக் கிடந்தன. அவள் மேஜையைப் பிடித்து எழுந்து, கிண்ணத்தின்மேல் கவிழ்ந்தபடி, நெஞ்சு விம்ம விம்ம மூச்சு வாங்கினாள்.

வெளியூரிலிருந்து திரும்பிய துறைத்தலைவர் விஷயம் தெரியாமல் அந்த வலையை ஏற்றிப் பார்த்தார். திரை முழுக்கப் பனி.

"யாரு இதுமேல மூச்சு விட்டது?" என்றார், திரும்பாமலே.

தலையில் கட்டோடு வாசலில் நின்றவள் கரகரத்த குரலில் சொன்னாள்.

"நான்தான் சார். நல்லா இழுத்து விட்டேன்."