நான் பிடுங்கிய குழாய்

2003ஆம் வருடம், ஐப்பசி மழை. அப்போது உத்தமபாளையத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தேன். என் எட்டு மாத மகனுக்குச் சளி என்றுதான் ஆரம்பித்தது. மூன்றாம் நாள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. பாலும் குடிக்கவில்லை. விடிந்ததும் காரைப் பிடித்துக்கொண்டு தேனிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

குழந்தைகள் வார்டில் ஒரு மூலையைத் தடுத்து நான்கு கட்டில் போட்டிருந்தார்கள். அதுதான் தீவிர சிகிச்சைப் பிரிவாம்! நான்குக்கும் ஒரே நர்ஸ். அவர் பிள்ளையின் மூக்கில் மெல்லிய குழாயைப் பொருத்தி, பிளாஸ்திரி ஒட்டி, ஆக்சிஜனைத் திறந்தார். குழாயின் இன்னொரு முனை தண்ணீர் பாட்டிலுக்குள் இருந்தது. தண்ணீர் குபுகுபுவென்று கொப்பளித்தது. பெரிய மெஷினுக்கு வழியில்லாததால், அங்கிருந்த குழந்தைகள் டாக்டர் கையிலிருந்த சாமான்களை வைத்தே செய்த ஏற்பாடு அது.

"அண்ணே, நா ஒருத்திதான் இங்கன. இந்தக் குமிழி நின்னுச்சுன்னா உடனே கூப்புடுங்க" என்றார் நர்ஸ்.

என் காதில் எங்கே ஏறியது? ஆக்சிஜன் என்றாலே எங்கள் பக்கம் சாவு என்றுதான் அர்த்தம். ஒருவருக்கு ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள் என்று சேதி வந்தால், எங்கள் தெருவில் சொந்தக்காரர்கள் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். உயிர் வீட்டில் போகட்டும் என்று ஆளைத் தூக்கிக்கொண்டும் வந்துவிடுவார்கள். என் அத்தாவை, அதாவது அப்பாவை, அப்படித்தான் தூக்கி வந்தோம்.

எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து மாமனாருக்குப் பேசினேன். "ஆக்சிஜன் வச்சுட்டாகளா? யா அல்லா! புள்ளைய வீட்டுக்குத் தூக்கியாந்துருங்க மாப்ளே" என்று அழுதார்.

திரும்பி வந்து மனைவியிடம் பையை எடு என்றேன். சாயங்காலம் வரை பார்ப்போமே என்று கெஞ்சினாள். நான் முன்கோபி, பிடித்தால் ஒரே பிடி. நர்ஸ் அடுத்த கட்டிலுக்குத் திரும்பிய நேரம், பிளாஸ்திரியைப் பிய்த்துக் குழாயைப் பிடுங்கிப் பிள்ளையைத் தூக்கிவிட்டேன்.

வாசலைக்கூடத் தாண்டவில்லை. பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்து, தலை தோளில் தொங்கியது. மனைவி அலறினாள். நர்ஸ் ஓடிவந்து பிள்ளையைப் பறித்துக் கட்டிலில் போட்டு, முகத்தில் ரப்பர் மூடியை அழுத்தி, அதில் மாட்டியிருந்த காற்றுப் பையைக் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுத்து, மறுபடி குழாயைப் பொருத்தினார். உதடு பழைய நிறத்துக்கு வருவதற்குள் நான் செத்துப் பிழைத்தேன்.

கன்னத்தில் அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் திட்டக்கூட இல்லை. "ஏண்ணே இப்படிச் செஞ்சீக?" என்று மட்டும் கேட்டார். அத்தா கதையைச் சொன்னேன்.

"அத்தாவுக்கு எப்ப வச்சாக?"

"கடைசி நாளு."

"எல்லாம் முடியப் போற நேரத்துல வச்சா அது என்னண்ணே செய்யும்? இவனுக்கு வந்ததுமே வச்சிருக்கோம். மூச்சு இழுத்து இழுத்துக் களைச்சுறக் கூடாதுன்னுதான்."

எனக்குச் சுருக்கென்றது. அத்தாவுக்கு இரண்டு நாள் முன்பே வைக்கலாம் என்றார்கள். வேண்டவே வேண்டாம் என்று மறித்தது நான்தான். வார்டு என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

அதன் பிறகு பாட்டிலைவிட்டு என் கண் நகரவில்லை. மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள், பிள்ளை பால் குடித்தான்.

அன்று மத்தியானம் கெங்குவார்பட்டியிலிருந்து ஒரு விவசாயி தன் பெண் குழந்தையைக் கொண்டுவந்தார். குழாய் வைத்ததும் அவர் மனைவி "ஆத்தா, போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். விவசாயியோ குழந்தையைத் தூக்கக் குனிந்துவிட்டார். நர்ஸ் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை.

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கண்ணே. நா சொன்னா ஏறாது."

பெற்ற பிள்ளையைக் கொல்லப் பார்த்த கதையை ஊரான் முன்னால் சொல்வது லேசா? ஆனாலும் ஒன்றுவிடாமல் சொன்னேன். விவசாயி என் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து, "குமிழி நின்னா யாரக் கூப்புடணும்?" என்று கேட்டார்.

அந்தக் குழந்தையும் பிழைத்து வீடு திரும்பியது. மூடி மறைக்க வேண்டும் என்று நான் துடித்த தப்பைச் சொன்னதால்தானே ஒரு பிள்ளை அந்தக் கட்டிலில் தங்கியது. அதனால்தான் இன்றும், சொல்லும்போதெல்லாம் கூசினாலும், ஆக்சிஜன் என்று பயந்து நிற்கும் யாரைப் பார்த்தாலும் வலியப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.