புழுக்களுக்கு மாலை வெளிச்சம்

மேனுகா வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வு உதவியாளராக இருந்தாள். நெல் தண்டைத் துளைக்கும் புழுக்களை இரண்டு பெட்டிகளில் வளர்ப்பது அவள் வேலை. ஒரு பெட்டியில் பொழுதுபட்ட பிறகும் மின்குமிழ் எரியும். மற்றதில் முன்னதாகவே இருட்டு. பகல் குறுகுவதை உணர்ந்தால் அந்தப் புழு தின்பதை நிறுத்தி, தண்டுக்குள்ளேயே அடுத்த போகம் வரை உறங்கிவிடும். இந்தப் பக்கத்தில் பகல் கூடுவதும் குறைவதும் மனிதருக்குத் தெரியாத அளவுதான். புழுவுக்கு எவ்வளவு தெரிகிறது என்பதே ஆய்வு.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் எரிபொருள் தட்டுப்பாட்டில் வகுப்புகள் நின்றன. மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். மேனுகா மட்டும் வாடகை அறையில் தங்கினாள். சொந்த ஊரான கதிரவெளியிலிருந்து அம்மா ஆச்சிப்பிள்ளை அடிக்கடி அழைத்தாள்.

“எப்ப மகள் வாறாய்?”

“நான் வந்தா புழுவுக்கு ஆரும்மா சாப்பாடு வைக்கிற?”

“எனக்கு ஆர் இரிக்கா?”

தண்டு வெட்டப் போகவேணும் என்று சொல்லி மேனுகா போனை வைத்தாள்.

பிறகு மாலை நேரங்களில் கரண்ட் போகத் தொடங்கியது. மேனுகா மின்குமிழுக்குப் பதிலாகப் போன் டோர்ச்சை வெளிச்சப் பெட்டிக்குள் பிடித்துக்கொண்டு இருந்தாள். பற்றரி மிஞ்சட்டும் என்று அம்மாவின் அழைப்புகளை எடுக்காமல் விட்டாள். அப்படியும் கரண்ட் வருவதற்குள் போன் அணைந்துவிடும்.

ஒரு நாள் தண்டுகளைப் பிளந்து பார்த்தாள். இரண்டு பெட்டிகளிலும் புழுக்கள் வெளிறி, தின்னாமல் உறங்கிக் கிடந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வித்தியாசமே இல்லை. பேராசிரியர் ஸஹீதாவிடம் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை.

“உங்கட பிழை இல்ல மேனுகா. கரண்ட் ஒழுங்கானதும் திரும்பத் தொடங்குவம். நீங்க வீட்ட போங்க.”

மறுநாள் காலையும் அவள் வழக்கம்போல் பச்சைத் தண்டுகளை வெட்டி வந்தாள். மேசையில் வைத்த பிறகுதான், தின்ன யாருமில்லை என்பது உறைத்தது. தண்டுகள் வாடும்வரை அங்கேயே இருந்தாள். ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை.

அம்மாவை அழைத்தாள். “வாறன்மா.”

“புழு?”

“அதுகளுக்கு இப்ப நான் தேவையில்ல.”

ஊருக்குப் போகும் வழியில் உள்ள வாகரைப் பக்கம் திரும்பிப் போன மீன் லொறியில் ஏறி ஊருக்குப் போனாள். முன்பு ஏன் போனை எடுக்கவில்லை என்று அம்மா கேட்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு முற்றத்துக்குப் போனாள்.

ஆய்வு மீண்டும் தொடங்கியபோது பேராசிரியர் கூப்பிட்டார். மேனுகா போகவில்லை. இப்போது ஊர்ப் பாடசாலையில் நிரந்தர நியமனமில்லாத தொண்டர் ஆசிரியையாக விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். மத்தியானத்தில் தாயும் மகளும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். பேச்சு குறைவுதான்.